ஆனந்தா இறக்கத்தில் ஓர் ஆறு

திருநெல்வேலியிலிருந்து சேலத்துக்கு மாற்றலாகி வந்த நண்பரை முதல் ஞாயிற்றுக்கிழமையே டவுனைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். கடைசியாக ஆற்றோர மார்க்கெட்டில் காய்கறி. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு ஆனந்தா பாலத்தின் மேல் மூச்சு வாங்க நின்றோம். அப்போதுதான் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு உங்க ஊர்ல. ஒரு ஆறு மட்டும் இருந்திருந்தா..."

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இப்படிச் சொல்ல உரிமை உண்டு. நான் பதில் பேசாமல் முழங்கையால் கீழே காட்டினேன். எட்டிப் பார்த்தார். கறுப்பாக, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி, ஒற்றைச் செருப்பையும் ஒரு வாழைமட்டையையும் தள்ளிக்கொண்டு போனது திருமணிமுத்தாறு.

"இது சாக்கடைல்லா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாங்களே அதை அப்படித்தான் சொல்கிறோம். "ஆத்தோரத்துல தக்காளி என்ன விலை?" என்று தினமும் கேட்கிற ஊர் இது. எந்த ஆற்றின் ஓரம் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். மணியையும் முத்தையும் பேரிலேயே வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு திருவும் போட்டுக்கொண்ட ஆற்றுக்கு வந்த கதி இது.

சரி, நண்பரைச் சமாதானப்படுத்தப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். தட்டையின் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதை மூட இன்னொரு தட்டை. வாயை முழுசாகத் திறக்காமல் தின்ன முடியாது. அது வாயில் இருக்கும் வரை அவர் பேச முடியாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று, நான் பேச ஆரம்பித்தேன்.

சேலம் ஒரு கும்பாவின் அடியில் இருக்கிற ஊர். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. எங்கே நின்று பார்த்தாலும் தெருக்கோடியில் ஒரு மலை தெரியும். 'சைலம்' என்ற மலைச்சொல்தான் சேலம் ஆனது என்பார்கள் சிலர். சேரலம்தான் சேலம் ஆனது என்பார்கள் சேரர் கட்சிக்காரர்கள். நெசவுக்காரர்களைக் கேட்டால் சேலை என்பார்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் சுற்றிலும் மலை இருந்தால் நடுவில் தண்ணீர் சேர்ந்துதானே ஆக வேண்டும்? சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிற திருமணிமுத்தாறு ஊருக்குள் நுழைந்து, பழைய டவுனை அறுத்துக்கொண்டு தெற்கே போய், நாமக்கல் மாவட்டத்தில் பரமத்திவேலூருக்குப் பக்கத்தில் நன்செய் இடையாற்றில் காவிரியைத் தொடுகிறது.

ஆற்றை மறந்தாலும் ஊர் தன் பேர்களில் அதை வைத்திருக்கிறது. ஆனந்தா இறக்கம் என்கிறோமே, எதை நோக்கி இறங்குகிறோம்? சமதளமாகத் தோன்றும் கடைவீதி திடீரென்று ஏன் சரிகிறது? சைக்கிளில் போன காலத்தில் இது எங்களுக்குத் தெரிந்திருந்தது. இறக்கத்தில் மிதிக்காமல் போய், அடுத்த கரையில் மூச்சிரைக்க ஏறுவோம். வண்டிகள் வந்ததும் தொடைகளுக்கு அந்த ஞாபகம் போய்விட்டது. அணைமேட்டில் கேட் போட்டிருக்கும்போது எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். அணை இல்லாத இடத்துக்கு அணைமேடு என்று யார் பேர் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே நாற்பது வயதாகியிருந்தது.

பழைய சேலம் முழுக்க இந்த ஆற்றை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறது. சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், அழகிரிநாதர் கோயில், ஜாமியா மசூதி, கடைவீதிகள், எல்லாமே ஆற்றிலிருந்து நடக்கிற தூரம். சுகவனம் என்றால் கிளிக்காடு. கிளிவண்ணமுடையார் என்பது அந்தச் சிவனுக்குப் பழைய தமிழ்ப் பேர். எனக்கு இந்தப் பேர்தான் பிடிக்கும். கிளி உட்கார மரம் வேண்டும், மரத்துக்குத் தண்ணீர் வேண்டும். புராணத்தில் சுகர் கிளியாக வந்தாரா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும், கரையில் கிளிகள் அடையும் அளவுக்கு ஒரு தோப்பு இருந்திருக்கிறது என்று அந்தப் பேரிலிருந்து நானாக எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டை என்று இன்றைக்குப் பேர் மட்டும் இருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கோட்டைக்காக மைசூர்க்காரர்களும் கும்பெனிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். 1768இல் கர்னல் வுட் வந்து பிடித்தான், ஹைதர் அலி திருப்பிப் பிடித்தார். கடைசியில் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நிலங்களோடு பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் கும்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர், தாமஸ் மன்றோ அவருக்கு உதவி. விவசாயியிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்தப் பக்கத்தில்தான். அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது. ஆறு பிறக்கும் இடம் ஒரு மாவட்டத்திலும் முடியும் இடம் இன்னொரு மாவட்டத்திலும் ஆனது அப்படித்தான். மேலே இருக்கிறவர்கள் விட்டதைக் கீழே இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இப்போது ஓர் எல்லைக்கோடும் வந்துவிட்டது.

கோட்டையைவிட எனக்கு நெருக்கமானது குகை. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு அங்கே. குகை என்றதும் வெளியூர்க்காரர்கள் பாறையைத் தேடுவார்கள். எங்களுக்கு அது தறிச் சத்தமும், ஆடியில் வண்டி வேடிக்கையும். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, ஒவ்வொரு பேட்டையிலும் பொங்கல் வைக்கும் வாரத்தில், வண்டிகளைச் சோடித்து, ஆட்கள் சிவனும் பார்வதியும் முருகனுமாக வேஷம் கட்டி அசையாமல் உட்கார்ந்து வருவார்கள். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் சாமி அசையக் கூடாது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வருஷம் விஷ்ணுவாக உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மறுநாள் அவர் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நெசவாளர்கள் ஏன் இங்கே வந்து உட்கார்ந்தார்கள்? குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று பேட்டை பேட்டையாக, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசிக்கொண்டு? வணிகம், ராஜாக்கள் ஆதரவு என்று பெரிய காரணங்கள் இருக்கலாம். என் அம்மாயிக்குத் தெரிந்த காரணம் இரண்டே: பாவு ஓட்ட நீட்டமான இடம், சாயம் அலச ஓடுகிற தண்ணீர்.

பாவு ஓட்டுவதை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டுவார்கள். இடையிடையே கால் நட்டு, அதன் மேல் நூல் ஒரு தொட்டில்போல் கிடக்கும். வடித்த கஞ்சியைத் தோய்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, பெரிய பிரஷால் ஒரே சீராக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒருவர் வேகமாக நடந்தால் நூல் ஒட்டிக்கொள்ளும், மெதுவாக நடந்தால் காய்ந்துவிடும். இழை அறுந்தால் நடந்தபடியே எச்சில் தொட்டு முடிவார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போக அதன் அடியில் குனிந்துதான் போக வேண்டும். தலை பட்டுவிட்டால் அன்றைக்குத் திட்டு நிச்சயம். இதற்கென்று விட்ட பொது இடத்துக்குத்தான் பாவடி என்று பேர். இன்றைக்குப் பாவடி என்ற பேரில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கிற பெண்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லுக்குள் நூல் இருக்கிறது என்று தெரியும்?

அப்புறம் சாயம். நூலைச் சிட்டம் சிட்டமாகக் கோலில் மாட்டி, கொதிக்கிற தொட்டியில் இறக்கி, திருப்பித் திருப்பி முக்குவார்கள். எடுத்ததும் அலச வேண்டும். ஒட்டாத சாயம் எல்லாம் போகும் வரை அலச வேண்டும். நின்ற தண்ணீரில் அலசினால் போன சாயம் திரும்பி வந்து ஒட்டும். ஆகவே ஆறு. பட்டறைகள் கொஞ்சமாக இருந்த காலத்தில் ஆறு அதைத் தாங்கியிருக்கும். பட்டறைகள் பெருகி, ரசாயனச் சாயம் வந்து, மேலிருந்து வரும் தண்ணீரும் குறைந்தபோது, ஆற்றில் ஓடியதே சாயம்தான் என்றாகிவிட்டது.

என் சிறுவயது அந்தக் காலம். எண்பதுகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பாலத்துக்கு ஓடி, எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு நிறம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவனுக்கு மற்றவர்கள் கமர்கட்டு வாங்கித் தர வேண்டும். தீபாவளி நெருங்கினால் சிவப்பு, கத்திரிப்பூ, கிளிப்பச்சை என்று ஒரே நாளில் மூன்று நிறம்கூட வரும். நான் பெரும்பாலும் சிவப்பு சொல்லி ஜெயிப்பேன், முகூர்த்தப் புடவைகளின் புண்ணியம். அறிவியல் பாடத்தில் 'நீருக்கு நிறம் இல்லை' என்று படித்தபோது எங்கள் வகுப்பில் ஒருவன் எழுந்து, "சார், எந்த ஊர்ல?" என்று கேட்டான். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எந்த நிறம் வந்தது என்று பெருமையாகச் சொன்னால் அம்மா சிரிப்பாள். அம்மாயி சிரிக்க மாட்டாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஆற்றில் மணல் இருந்தது. கோடையில் மேலே தண்ணீர் இருக்காது. மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்று தோண்டி, முதலில் வரும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியும் வரை குந்தி உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு பித்தளைக் குடத்தை நிரப்புவார்களாம். "அந்தத் தண்ணியில பருப்பு பூவா வேகும் சாமி" என்பாள். அவளுக்கு ஆற்றின் அளவுகோல் அதுதான். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வந்த பிறகும், பருப்பு வேகாத நாளில் குழாயைத்தான் திட்டுவாள்.

அவள் பேச்சிலிருந்துதான் எனக்கு இந்த நினைப்பு வந்தது. ஆற்றைக் கெடுத்தது சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, வீட்டுச் சாக்கடை என்று அடுக்குவோம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருக்கிறது. சேலம் 1866இல் நகராட்சி ஆனது. ராஜாஜி 1917 முதல் 1919 வரை தலைவராக உட்கார்ந்த நகராட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்குக் குடிநீர் கொடுக்கவென்றே தெற்கே பனமரத்துப்பட்டி ஏரி வந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது, பிறகு காவிரித் தண்ணீரே குழாயில் வீட்டுக்கு வந்தது. யாரும் தப்புச் செய்யவில்லை. குடத்தோடு மணலில் குந்தியிருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். ஆனால் குடிக்கிற தண்ணீர் வேறு எங்கிருந்தோ வர ஆரம்பித்தபின் ஆற்றைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் அவசரம் இல்லை. குடிக்கிற ஆற்றில் ஒருவன் குப்பை கொட்டினால் தெருவே சண்டைக்குப் போகும். குடிக்காத ஆற்றில் கொட்டினால் "கொஞ்சம் தள்ளிக் கொட்டுப்பா" என்பதோடு சரி.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மேட்டூரில் காவிரியைக் கையேந்தி வாங்கிக் குடிக்கிறோம். குடித்ததன் மிச்சத்தைத் திருமணிமுத்தாறு வழியாகக் கீழே பரமத்திவேலூரில் அதே காவிரிக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்த ஊர்தான்.

நெல்லை நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ கீழே போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார். அடுத்த வாரம் பைக்கில் கிளம்பினோம். ஊருக்குள் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வெள்ளம் கடைக்குள் வராது, நல்லதுதான். ஆனால் சுவர் வந்ததும் கரை என்ற ஒன்று போய்விட்டது. இறங்கிப் போக முடியாத தண்ணீருக்கு ஆறு என்று பேர் சொல்ல எனக்கே நாக்கு கூசியது.

உத்தமசோழபுரத்தில்தான் முதல்முறையாக ஆறு மாதிரி இருந்தது. கரையில் கரபுரநாதர் கோயில். உள்ளே லிங்கம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். சின்னப் பையன் ஒருவன் மாலை போட எட்டாமல் அழ, சிவன் தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்று கதை. இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. பாரியின் மகள்கள் அங்கவை, சங்கவைக்கு ஔவையார் இங்கேதான் கல்யாணம் முடித்து வைத்தாராம், மூவேந்தரும் வந்தார்களாம், துண்டுப் பனங்கட்டை துளிர்த்துப் பழுத்ததாம். சங்கப் பாட்டுகளைப் புரட்டினால் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வள்ளல் வள்ளலாக அலைந்தவர் கபிலர். பறம்புமலை எங்கே, சேலம் எங்கே? ஆனாலும் இந்தக் கதையை நான் தூக்கிப்போட மாட்டேன். மூன்று ராஜாக்களையும் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடுவதாக நினைத்தபோது, அதற்கு ஏற்ற இடம் எங்கள் ஆற்றங்கரைதான் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்ற ஆறு எப்படி இருந்திருக்க வேண்டும்!

சுகவனேஸ்வரர், கரபுரநாதர், பில்லூர் வீரட்டேஸ்வரர், மாவுரெட்டிப்பட்டி பீமேஸ்வரர், நன்செய் இடையாறு திருவேலீஸ்வரர் என்று ஐந்து சிவன்களை இந்த ஆறு ஒரே கயிற்றில் கோத்திருக்கிறது. ஒரே நாளில் ஐந்தையும் கும்பிட்டு வருகிறவர்கள் இப்போதும் உண்டு. வேனில் வருகிறார்கள். அவர்கள் வழியைத் தார்ரோடு சொல்கிறது. நாங்கள் ஆட்டையாம்பட்டியோடு திரும்பிவிட்டோம். நண்பர் முறுக்கு வாங்கினார். மழை நாட்களில் இந்தப் பக்கம் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிப் பாலத்துக்கு மேலே பறக்கும். அன்றைக்கு மழை இல்லை. நான் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஆறு பிறக்கும் பக்கம் பார்க்காமல் விட்டால் கணக்குத் தீராது என்று இன்னொரு நாள் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. ஏரியில் படகு விடுகிறார்கள். காட்டில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. மலைக்காரர்களை மலையாளிகள் என்பார்கள், கேரளத்தை நினைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், அவ்வளவுதான் பொருள். அவர்களுடைய சாமி சேர்வராயன், உச்சியில் 5,326 அடி உயரத்தில் ஒரு குகைக்குள் இருக்கிறார். தலையைக் குனிந்துதான் உள்ளே போக முடியும், சொட்டுச் சொட்டாகக் கூரை கசியும். உள்ளே சேர்வராயன் தனியாக இல்லை, பக்கத்தில் காவிரியம்மன்.

நண்பர் வெளியே வந்து வெகுநேரம் பேசாமல் நின்றார். கீழே சேலம் புகைமூட்டமாகத் தெரிந்தது. "இவங்க கரெக்டா வச்சிருக்காங்கடே" என்றார். மலையையும் காவிரியையும் ஒரே குகையில் வைத்தவர்களுக்கு, இரண்டுக்கும் நடுவில் ஓடுவது எது என்று யாரும் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இறங்கும்போது கன்னங்குறிச்சி மூக்கனேரியில் வண்டியை நிறுத்தினேன். 2010இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரிய ஏரி. அள்ளிய வண்டலை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. கிளி இருக்கிறதா என்று பார்த்தேன். அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க மழை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஆனந்தா பாலத்தில் கூட்டம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு, முறுக்கிக்கொண்டு, இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்கா கட்டுகளை எடுத்து மேலே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நண்பருக்குப் படம் அனுப்பினேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு, அவ்வளவாக வெளியே வருவதில்லை.

"ஆத்துல தண்ணி வருதும்மா."

"என்ன கலரு?"

"செம்மண் கலரு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அப்ப மஞ்சவாடிப் பக்கம் நல்ல மழைடா" என்றாள்.